பேச்சு வராத பிள்ளைக்குக் களிமண் கொடுங்கள்



மதீனாவில் அனஸ் (ரலி) அவர்களுக்கு அபூ உமைர் என்றொரு குட்டித் தம்பி இருந்தார். உம்மு ஸுலைம், அபூ தல்ஹா (ரலி) தம்பதியரின் மகன். பால்குடி மறந்த வயது. அந்தப் பிள்ளையிடம் ஒரு சின்னக் குருவி இருந்தது. நபி (ஸல்) அவர்கள் அந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம் பிள்ளையோடு வேடிக்கையாகப் பேசுவார்கள். ஒருநாள் வந்தபோது பிள்ளையின் முகம் வாடிக் கிடந்தது. என்ன என்று விசாரித்தார்கள். குருவி செத்துப்போயிற்று என்றார்கள் வீட்டார். நபியவர்கள் பிள்ளையின் பக்கம் திரும்பி, வளர்ந்த மனிதரை அழைப்பது போல அபூ உமைர் என்று அழைத்து, அந்தக் குருவிக்கு என்ன நடந்தது என்று அவரிடமே கேட்டார்கள். குருவியைக் குறிக்கும் அரபுச் சொல் உமைர் என்ற பெயரோடு ஓசை ஒத்து வரும். கேட்ட கேள்வியே பிள்ளைக்கு ஒரு விளையாட்டாகவும் இருந்தது.

புகாரியிலும் முஸ்லிமிலும், சில மேலதிக விபரங்களோடு வேறு தொகுப்புகளிலும் வரும் ஹதீஸ் இது. ஷாஃபிஈ மத்ஹபின் பழைய அறிஞர்களில் ஒருவரான இப்னுல் காஸ் இந்த ஒரே ஹதீஸிலிருந்து அறுபது பாடங்களை எடுத்துத் தனியாக ஒரு சிறு நூலே எழுதினார். நமக்கு இன்று அதில் ஒன்று போதும். "குருவிதானே, வேறொன்று வாங்கலாம்" என்று நபியவர்கள் சொல்லவில்லை. "ஆம்பிளப் பிள்ள அழுவதா" என்றும் சொல்லவில்லை. பிள்ளையின் துக்கத்தைப் பிள்ளையின் வாயாலேயே கேட்க விரும்பினார்கள். அதற்கு விளையாட்டை வழியாக்கினார்கள்.

நமது வீடுகளில் பிள்ளையின் துக்கம் பெரும்பாலும் துக்கமாக வெளிவருவதில்லை. வயிற்றுவலியாக வரும். ஐந்து வயதில் நின்றுபோன பாய் நனைத்தல் எட்டு வயதில் திரும்ப வரும். மத்ரஸாவுக்குப் போகும் நேரம் பார்த்துச் சத்தி வரும். தங்கையைக் காரணமில்லாமல் அடிக்கும். நாம் அதற்கு வைக்கும் பெயர்கள் மூன்று: அடம், கண்ணூறு, ஜின். ஓதிப் பார்ப்பதில் தவறில்லை; நாமும் செய்கிறோம். காய்ச்சல் வந்தால் ஓதிய தண்ணீரையும் கொடுத்து வைத்தியரிடமும் கொண்டுபோகிறோம் அல்லவா? நோயை இறக்கிய அல்லாஹ் அதற்கு மருந்தையும் இறக்கியிருக்கிறான் என்ற நபிமொழியை அங்கே மேற்கோள் காட்டுகிறோம். மனதின் நோய் என்று வரும்போது மட்டும் ஊர் என்ன சொல்லும் என்று யோசித்து வாசலிலேயே நின்றுவிடுகிறோம்.

ஒரு பிள்ளையின் கதை

நமது அமைப்பின் ஒத்தாசையோடு வைத்தியசாலைக்குப் போன ஒரு மகனைப் பற்றி, குடும்பத்தாரின் சம்மதத்தோடு, ஆளை அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றிச் சொல்கிறோம்.

எட்டு வயது. உம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் ஒன்றரை வருடம். வாப்பா கடலுக்குப் போகிறவர். மூத்தம்மாதான் வளர்க்கிறார். இரண்டாம் தவணையில் அவன் வகுப்பில் பேசுவதை நிறுத்திவிட்டான். கேட்டால் தலையை ஆட்டுவான், எழுதச் சொன்னால் எழுதுவான், வாய் மட்டும் திறக்காது. இரவில் பாயும் நனைந்தது. தாயத்து கட்டினார்கள், தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள். கடைசியில் வகுப்பு ரீச்சர் சொல்லித்தான் வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போனார்கள்.

அங்கே இருந்த உளவளத்துணையாளர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பாயில் அமர்ந்து, ஒரு கட்டி களிமண்ணை இரண்டாகப் பிய்த்து, பாதியை எடுத்துத் தானே உருட்டத் தொடங்கினார். மற்றப் பாதி அவன் பக்கத்தில் கிடந்தது. முதல் நாள் அவன் அதைத் தொடவே இல்லை. வெளியே வந்ததும் மூத்தம்மா, "மண் வெளயாட்டுக்கா ரெண்டு பஸ் ஏறி வந்த?" என்று குறைப்பட்டார். நியாயமான கேள்விதான். நமக்கும் அந்த நேரம் அதற்குப் பதில் தெரியவில்லை.

மூன்றாம் கிழமை அவன் தட்டையாக நீள்சதுரமாக ஒன்று செய்து, உடனே கையால் நசுக்கினான். நான்காம் கிழமையும் அதையே செய்து அதையே நசுக்கினான். ஐந்தாம் முறை உளவளத்துணையாளர், "இதப் பத்தி ஏதும் சொல்ல இருக்கா மகன்?" என்று மட்டும் கேட்டார். "ஃபோன்" என்றான். அந்த அறையில் அவன் பேசிய முதல் சொல் அதுதான்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விசயம் வந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு உம்மா அழைப்பார். முதலில் மூத்தம்மா பேசுவார்: அனுப்பிய காசு, கொடுத்த கடன், கூரை வேலை. பிறகு சாச்சி. பிறகு ராத்தா. கடைசியாக அவன் கைக்கு ஃபோன் வரும்போது ஒரு நிமிடம் இருக்கும். மூத்தம்மா பக்கத்தில் நின்று, "நல்லா இருக்கன் எண்டு சொல்லு, உம்மாவ அழ வெக்காத" என்பார். அவனும் அப்படியே சொல்வான். ஒன்றரை வருடத்தில் அவன் உம்மாவிடம் பேசியது அந்த ஒரே வசனம்.

மருந்து எதுவும் எழுதப்படவில்லை. குடும்பத்தாரைக் கூப்பிட்டு ஒன்றைத்தான் மாற்றச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை அழைப்பு வந்தால் ஃபோன் முதலில் அவனுக்கு; பத்து நிமிடம்; அறைக்குள் தனியாக; என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், அழலாம், உம்மாவும் அழலாம். மூத்தம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் என்ன கொற வெச்சன்?" என்றார். உளவளத்துணையாளர் பதில் சொல்லாமல் அவர் கையிலும் ஒரு கட்டி களிமண்ணைக் கொடுத்தார். மூத்தம்மா தன்னையறியாமல் ஒரு சின்ன அடுப்பும் சட்டியும் செய்தார். மகளுக்குச் சின்ன வயதில் விளையாடச் செய்து கொடுத்தவை அவை. செய்து முடித்து அழுதார். குவைத்தில் இருப்பது அவருக்கும் மகள்தானே. அதுவரை அவரிடம் யாரும் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

இரண்டு மாதத்துக்குள் பாய் நனைவது நின்றது. வகுப்பில் பேச்சு வர இன்னும் நாள் எடுத்தது. இப்போதும் அவன் அதிகம் பேசுகிறவன் அல்ல.

ஏன் கையால்?

பெரியவர்களுக்குக் கவலை என்றால் அதற்கு ஒரு பெயர் தெரியும். பிள்ளைக்குத் தெரியாது. பயந்த ஒரு நேரம் பிள்ளையின் நினைவில் சொல்லாக அல்ல, காட்சியாகவும் சத்தமாகவும் வயிற்றைப் பிசைவதாகவும் தங்கியிருக்கும். "என்ன நடந்தது, சொல்லு" என்று நெருக்கினால் இல்லாத சொல்லைத் தேடி அது இன்னும் இறுகிப் போகும். ஆனால் கைக்கு வேலை கொடுத்தால் அந்தக் காட்சி மண்ணிலும் தாளிலும் இறங்கிவிடும். இறங்கிய பிறகு பிள்ளை அதை வெளியே நின்று பார்க்கலாம், மாற்றலாம், நசுக்கலாம், திரும்பச் செய்யலாம். நடந்த சம்பவத்தின்மேல் இல்லாத அதிகாரம் மண்ணின்மேல் அதற்கு உண்டு.

லண்டனில் சிறுவர் வைத்தியராக இருந்த மார்கரெட் லோவன்ஃபெல்ட் 1920களின் கடைசியிலேயே ஒரு தட்டில் மணலும் சின்னச் சின்னப் பொம்மைகளும் வைத்துப் பிள்ளைகளை விளையாட விட்டார். பிள்ளைகள் மணலில் தங்கள் உலகத்தைக் கட்டினார்கள். ஓவியச் சிகிச்சைக்கு அந்தப் பெயரை 1942இல் வைத்தவர் ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கில ஓவியர். அவர் கசநோய்க்குச் சிகிச்சை பெற்றபோது படுக்கையில் வரைந்து, அதில் தனக்குக் கிடைத்த ஆறுதலைப் பிற நோயாளிகளுக்கும் கொண்டுபோனார்.

அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. மட்டக்களப்பில் 1996இல், யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில், வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கப்பட்டது. கனடா நாட்டு ஓவியர் போல் ஹோகனும் இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகமும் அதன் முன்னோடிகள். யுத்தத்தில் அடிபட்ட கிராமங்களிலிருந்து தமிழ்ப் பிள்ளைகளையும் முஸ்லிம் பிள்ளைகளையும் பஸ்ஸில் ஒன்றாக ஏற்றி வந்தார்கள். களிமண், வர்ணம், கதை, நாடகம், தோட்டம். பெரியவர்கள் ஒருவர் ஊருக்கு மற்றவர் போகப் பயந்திருந்த நாட்களில் பிள்ளைகள் ஒரே மண்ணைப் பிசைந்தார்கள்.

மார்க்கப் பற்றுள்ள குடும்பங்கள் உருவம் வரைவது பற்றிக் கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான். ஆயிஷா (ரலி) அவர்கள் சிறு வயதில் பொம்மைகள் வைத்து விளையாடியதும், அதில் சிறகு வைத்த குதிரை ஒன்று இருந்ததும், நபியவர்கள் அதைக் கண்டு சிரித்ததும் ஹதீஸில் உள்ளன. இதை வைத்துச் சிறுவர் விளையாட்டுக்கு விலக்குண்டு என்று உலமாக்கள் பலர் சொல்கிறார்கள். அப்படியும் மனம் ஒப்பாதவர்கள் வீடு, மரம், தோணி, கடல், வெறும் வர்ணம் என்று வைத்துக்கொள்ளலாம். சிகிச்சைக்கு ஒரு குறையும் வராது. உங்கள் பள்ளிவாசல் மௌலவியிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

மூச்சும் முஸ்லிம்களும்

இதன் இன்னொரு பகுதி மன ஒருமைப் பயிற்சி. அமெரிக்காவில் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழக வைத்தியசாலையில் ஜோன் கபாட்-ஸின் என்பவர் 1979இல் தீராத வலியுள்ள நோயாளிகளுக்கு இதை ஒரு பாடமாகத் தொடங்கினார். பௌத்த தியானத்திலிருந்து எடுத்து, மதச் சடங்குகளை நீக்கி அமைத்தார். வேர் அங்கே என்பதால் நம்மில் சிலர் தயங்குகிறார்கள். இப்போது நடக்கும் ஒன்றின்மேல் அமைதியாகக் கவனத்தை வைப்பது எந்த மதத்துக்கும் தனிச் சொத்தல்ல. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் பிறந்த அபூ ஸைத் அல்-பல்கி, உடலுக்கும் உள்ளத்துக்கும் சேர்த்து எழுதிய தமது மருத்துவ நூலில், கோபம், பயம், கவலை, ஊசலாடும் எண்ணம் ஆகியவற்றைத் தனித்தனி நோய்களாகப் பிரித்தார். மனம் அமைதியாக இருக்கும் நேரத்திலேயே நல்ல எண்ணங்களைச் சேமித்து வைத்து, கலங்கும்போது அவற்றை மருந்தாக எடுக்கும்படி அறிவுரை சொன்னார். துருக்கியின் எடிர்னே நகரில் 1488இல் சுல்தான் இரண்டாம் பாயஸீத் கட்டிய வைத்தியசாலையில் மனநோயாளிகளுக்கு நீரூற்றின் ஓசையும் இசையும் சிகிச்சையாக இருந்தன. இசையின் சட்டம் பற்றிய விவாதத்தை இங்கே தொடவில்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். தொழுகை வணக்கம், அதை மூச்சுப் பயிற்சி என்று பிள்ளைக்கு அறிமுகப்படுத்தாதீர்கள். அதேபோல, கவலையில் இருக்கும் பிள்ளையிடம் "நீ ஒழுங்காத் தொழுதா இது வராது" என்றும் சொல்லாதீர்கள். பாரத்தின்மேல் குற்ற உணர்வையும் ஏற்றி வைப்பதாகிவிடும்.

பிள்ளைகளுக்கான பயிற்சி மிக எளிது. அந்தப் பாடத்தில் முதலில் ஒரு உலர்ந்த திராட்சையை மிக மெதுவாக உண்ணச் சொல்வார்கள். நாம் பேரீச்சம்பழம் வைத்துக்கொள்ளலாம். கையில் எடுத்து அதன் சுருக்கங்களைப் பார், மணந்து பார், நாக்கில் வை, உடனே கடிக்காதே. நோன்பு திறக்கும் நேரத்தில் பிள்ளைகள் இதை விரும்பிச் செய்கின்றன. கோபத்திலும் பயத்திலும் மூச்சு மேலே ஏறி நிற்கும். மூன்று எண்ணி உள்ளே இழுத்து, ஐந்து எண்ணி வெளியே விடச் சொன்னால் உடல் தளரும். கோபம் வந்தால் நிற்பவர் உட்காரட்டும், அதிலும் தணியாவிட்டால் படுக்கட்டும் என்ற நபிவழியும் உடலிலிருந்துதான் தொடங்குகிறது. ஆனால் கடுமையான பயத்தைக் கண்ட பிள்ளையைக் கண்ணை மூடி அமைதியாக இருக்கச் சொல்ல வேண்டாம். அந்த இருட்டில் அதற்குத் தெரிவது வேறு. கண் திறந்திருக்கட்டும், ஐந்து பொருளைப் பார்த்துச் சொல்லட்டும், நான்கைத் தொட்டுச் சொல்லட்டும்.

பலன் உண்டா?

உண்டு, எல்லாருக்கும் அல்ல. 2004 சுனாமிக்குச் சில கிழமைகளுக்குப் பின், வடகிழக்கில் ஒரு அகதி முகாமில் கடுமையான மனக்காயத்தின் அறிகுறிகள் கண்ட 31 பிள்ளைகளை இரு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு நடந்ததை வரிசையாகக் கதையாகச் சொல்லி முடித்தது. மற்றக் குழு தியானமும் தளர்வுப் பயிற்சியும் பெற்றது. இரண்டுக்கும் ஆறு அமர்வுகள்தான். நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆசிரியர்கள். ஆறு மாதத்துக்குப் பின் முதல் குழுவில் 81 சதவீதமும் இரண்டாவதில் 71 சதவீதமும் தேறியிருந்தன. 2009இல் வெளியான ஆய்வு இது. சிறிய எண்ணிக்கைதான், சிகிச்சை பெறாத மூன்றாவது குழு ஒன்று இல்லாததால், தாமாகவே தேறியவர்கள் எத்தனை பேர் என்று பிரித்துச் சொல்லவும் முடியாது.

பின்னர் வடக்கில் 399 பிள்ளைகளுக்குப் பாடசாலையிலேயே, விளையாட்டும் ஓவியமும் கலந்த 15 அமர்வுகள் நடத்திப் பார்த்தார்கள். 2012இல் வெளியான முடிவு அவ்வளவு இனிப்பானதல்ல. பிரதானமாக எதிர்பார்த்த முன்னேற்றம் ஒட்டுமொத்தமாகத் தெரியவில்லை. ஆண் பிள்ளைகளுக்கும் வயதில் இளையவர்களுக்கும் சில பலன்கள் இருந்தன. பெண் பிள்ளைகளிலோ, இதில் சேராமல் காத்திருந்தவர்களே மனக்காயத்தின் அறிகுறிகளில் கூடுதலாகத் தேறியிருந்தார்கள். யுத்தம் விட்டுச்சென்ற நெருக்கடிகள் அன்றாடம் குறைவாக இருந்த பிள்ளைகளுக்குப் பலன் கூடுதலாக இருந்தது. ஐக்கிய இராச்சியத்தில் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களோடு நடந்து 2022இல் வெளியான பெரிய ஆய்வும், வகுப்பு முழுவதற்கும் ஒரே மாதிரி மன ஒருமைப் பாடம் நடத்துவதால் வழமையான பாடத்தைவிடப் பெரிய பலன் இல்லை என்றே காட்டியது.

ஆகவே நமது மத்ரஸாக்களிலும் ஒரு வகுப்பு தொடங்கினால் சரி என்று யாரும் நினைக்க வேண்டாம். (சென்ற வருடம் நாமே அப்படி நினைத்தோம்.) ஒரு மணி நேரம் வர்ணம் தீட்டிவிட்டு, இரவு முழுக்க வாப்பாவும் உம்மாவும் சண்டை பிடிக்கும் வீட்டுக்குப் பிள்ளை திரும்பினால், அந்த ஒரு மணி நேரம் என்ன செய்யும்? மேலே சொன்ன மகனுக்கு மண் உதவியது உண்மை. ஆனால் மாறியது வெள்ளிக்கிழமை ஃபோன் பேசும் ஒழுங்கு. அதை மாற்றக்கூடியவர்கள் பெரியவர்கள் மட்டுமே.

எப்போது வெளியே உதவி தேடுவது

ஒரு மாதத்துக்கு மேலாகத் தூக்கம், சாப்பாடு, படிப்பு, விளையாட்டு ஆகியவை குலைந்திருந்தால் தாமதிக்க வேண்டாம். சாவைப் பற்றிப் பேசினாலோ, தன் உடலைத் தானே காயப்படுத்தினாலோ அன்றைக்கே போக வேண்டும். வைத்தியசாலையின் உளநலப் பிரிவிலும், பிரதேச செயலகத்தின் உளவளத்துணை உத்தியோகத்தரிடமும் பேசலாம். தேசிய உளநல நிறுவனத்தின் தொலைபேசி இலக்கம் 1926; தமிழில் பேசலாம்.

விளையாட்டிலோ படத்திலோ யாரோ ஒருவர் பிள்ளையைத் தவறாகத் தொட்டதாகத் தெரிய வந்தால், திரும்பத் திரும்பக் கேள்வி கேட்க வேண்டாம். அடிக்க வேண்டாம். "நீ சொன்னது நல்லது, உன்னில் பிழை இல்லை" என்று சொல்லிவிட்டு 1929க்கு அழையுங்கள். அது சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம். குடும்ப மானம் என்று மூடி வைத்தால், செய்தவர் அடுத்த பெருநாளைக்கும் அதே வீட்டுக்கு விருந்துக்கு வருவார்.

வீட்டில் செய்யக்கூடியது

மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் கிழமையில் ஒருநாள், அரை மணி நேரம். எல்லார் ஃபோனும் அலுமாரிக்குள் போகட்டும், வாப்பாவின் ஃபோன் உட்பட. இரண்டு கோப்பை கோதுமை மாவுக்கு ஒரு கோப்பை உப்பு, ஒரு கரண்டி எண்ணெய், பிசையும் அளவுக்குத் தண்ணீர். நிறத்துக்குக் கொஞ்சம் மஞ்சள். பெரியவர்களும் உட்கார்ந்து செய்ய வேண்டும். மேலே நின்று பார்ப்பது மேற்பார்வை ஆகிவிடும்.

பிள்ளை செய்ததைப் பார்த்து "இது என்ன, மாடா?" என்று கேட்காதீர்கள். அது தோணியாக இருந்தால் பிள்ளை வெட்கப்பட்டு நிறுத்திவிடும். "இதப் பத்திச் சொல்லு" என்றால் போதும், சொல்லாவிட்டாலும் போதும். திருத்த வேண்டாம். அழகாக இருக்கிறது என்று அதிகம் புகழவும் வேண்டாம்; அடுத்த முறை உங்களுக்குப் பிடித்ததைத்தான் செய்யும். கறுப்பு வர்ணம் எடுத்தால் மனச்சோர்வு, சிவப்பு எடுத்தால் கோபம் என்று ஃபேஸ்புக்கில் வருவதை நம்பிப் பயப்பட வேண்டாம். மற்ற வர்ணம் தீர்ந்துபோயிருக்கலாம். படத்தைப் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். உடைத்தால் உடைக்கட்டும்.

மீதி மாவை ஈரத் துணியில் சுற்றி மூடிய டப்பாவில் வைத்தால் ஒரு கிழமை இருக்கும். அதற்கு மேல் நாறும்; கொட்டிவிட்டுப் புதிதாகப் பிசையுங்கள்.